யு.எஸ்.பி. கேசட் பிளேயரா, பெஹ்ரிங்கர் யு.சி.ஏ.202-ஆ? பழைய ரேடியோ விளம்பரங்களை மீட்க எது உதவும்

கோயமுத்தூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்து வீடுகளில் அட்டாலியைத் துழாவினால் ஒரு கேசட் பெட்டியாவது கிடைக்கும். ஒன்றில் ‘கல்யாணம்’, ஒன்றில் ‘கோயில் கும்பாபிஷேகம்’, இன்னொன்றில் வெறுமனே ‘ரேடியோ’ என்று பேனாவில் எழுதியிருக்கும். இந்த மதிப்புரை அந்த மூன்றாவது கேசட்டுக்காக. சிலோன் ரேடியோவிலோ விவிதபாரதியிலோ பிடித்த பாட்டு வந்ததும் டூ இன் ஒன்னில் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) பதிவுக்கான சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடித்த கேசட் அது. பிடித்ததென்னவோ பாட்டைத்தான். பட்டனை நிறுத்தச் சற்றுத் தாமதமான இடங்களில் கோபால் பல்பொடி விளம்பரம், நிர்மா பாட்டு, சிலோன் ரேடியோ அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சு, பி.எச். அப்துல் ஹமீத்தின் அறிவிப்பு, பொழுதுக்குப் பத்துத் தடவை வரும் சினிமா விளம்பரம் எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. பாட்டு இன்று செல்போனில் நொடியில் வரும். ஒட்டிக்கொண்ட அந்த 10, 20, 30 விநாடிகள் வேறு எங்கும் கிடைப்பது அரிது. ஒலிபரப்பு நிலையங்களில் ஸ்பூல் டேப்பை அழித்து மறுபடி பதிவது வழக்கம் என்பதால், ஒரு விளம்பரத்தின் ஒரே பிரதி யாரோ ஒருவர் தோட்டத்துச் சாளையில் பாட்டுப் பிடித்த கேசட்டாகவே இருக்கலாம்.

ஆகவே இந்தக் கேசட்டைக் கணினிக்கு ஏற்றும் கருவியை ஒரே ஒரு கேள்வியால்தான் எடைபோட வேண்டும்: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலே உள்ளதை அது பத்திரமாகக் கொண்டுவருகிறதா? சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் இரண்டு வழிகளை இங்கே பார்க்கிறோம்: கேசட்டைத் தானே ஓட்டும் யு.எஸ்.பி. கேசட் பிளேயர் ஒன்று; டேப் ரெக்கார்டரின் ஒலியை யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்குக் கொண்டுபோகும் பெஹ்ரிங்கர் யு.சி.ஏ.202 பெட்டி மற்றொன்று. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். யு.சி.ஏ.202 வாங்கத் தகுந்தது. ஆனால் அதைவிட முக்கியம், அதோடு சேர்க்கும் டேப் ரெக்கார்டரில் டேப்பைப் படிக்கும் ஹெட் நேராக இருப்பது. பணமும் பொழுதும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

யு.எஸ்.பி. கேசட் பிளேயர்

வாக்மேன் அளவில், பல பெயர்களில் ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டி இது. இரண்டு பென்சில் பேட்டரியிலோ யு.எஸ்.பி. கேபிளிலோ ஓடும். சில மாடல்கள் கணினியே இல்லாமல் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ நேராக எம்.பி.3 ஆகப் பதியும். அட்டாலியிலிருந்து இறக்கிய நாற்பது கேசட்டில் எதில் ரேடியோ இருக்கிறது, எதில் பேரனின் அழுகை இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க இது போதும். அந்த வேலைக்கு மட்டும் வாங்கலாம்.

பாதுகாத்து வைக்கும் பதிவுக்கு இது ஆகாது. முதல் குறை ஓட்டம். டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் சீராகப் போக வேண்டும். இந்தப் பெட்டிகளில் ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரமான ஃபிளைவீல் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, லேசாக இருக்கிறது. வேகத்தின் அலைச்சலை அது அடக்காது. நாதஸ்வரமோ புல்லாங்குழலோ நீண்டு ஒலிக்கும் இடத்தில் சுருதி நடுங்குவது காதுக்கே தெரியும். நிலையான வேகப் பிழையைப் பின்னால் கணினியில் சரிசெய்துவிடலாம். நடுக்கத்தைச் சரிசெய்வது மிகக் கடினம். இரண்டாவது குறை, சில மாடல்களில் யு.எஸ்.பி. வழியாகப் போகும் ஒலி ஒரே சேனல்தான்; இரண்டு சேனலையும் உள்ளேயே கூட்டிவிடுகின்றன. ரேடியோப் பதிவு எப்படியும் மோனோதானே என்று தோன்றும். அந்தக் கூட்டலில்தான் தெளிவு போகிறது; காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

மூன்றாவதுதான் ரேடியோக் கேசட்டுக்கு விரோதி. நேராக எம்.பி.3 ஆக்கும் மாடல்களில், மௌனம் வந்த இடத்தில் பதிவைத் தானாக வெட்டிப் புதுக் கோப்பு தொடங்கும் வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். விலைக்கு வாங்கிய பாட்டுக் கேசட்டுக்கு அது சௌகரியம். ரேடியோவில் அறிவிப்பாளர் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு விளம்பரத்துக்குப் போவார். கருவி அங்கே வெட்டும். அடுத்த கோப்பில் முதல் அசை போயிருக்கும். இந்த வசதி இருந்தால் அணைத்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். அணைக்க வழியில்லாத மாடலை ரேடியோக் கேசட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

பெஹ்ரிங்கர் யு.சி.ஏ.202

உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. (வட்ட ஒலிப் பிளக்) உள்ளீடு, ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. வெளியீடு, ஆப்டிகல் வெளியீடு, ஒலியளவுத் திருகுடன் ஹெட்போன் சாக்கெட், உள்ளே வருவதை நேரடியாகக் கேட்க ஒரு சுவிட்ச். இவ்வளவுதான். மின்சாரம் யு.எஸ்.பி.யிலிருந்தே வரும், விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். 16-பிட், அதிகபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ். சிவப்பு நிறத்தில் வரும் யு.சி.ஏ.222 இதன் உடன்பிறப்பு. யு.எஃப்.ஓ.202 என்பது இசைத்தட்டு பிளேயருக்கான முன்பெருக்கி சேர்த்தது. கேசட் மட்டும் என்றால் அது தேவையில்லை.

24-பிட் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆவணக் காப்பகங்கள் 24-பிட்டும் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸும் கேட்கின்றன. அவர்கள் கையாளும் மூலப் பொருளுக்கு அது சரி. வீட்டு டூ இன் ஒன்னில் மத்திய அலையிலிருந்து பிடித்த கேசட்டில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே கிடைக்கும் தூரம் நல்ல நிலையிலேயே 50 டெசிபலைச் சுற்றித்தான். 16-பிட் கொடுக்கும் 96 டெசிபலில் அது தாராளமாக உட்கார்ந்துகொள்ளும். இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. கோவை வானொலி 999-இல், திருச்சி 936-இல். அதனால் ரேடியோப் பெட்டிக்குள் வந்து சேரும் பயனுள்ள ஒலி சுமார் 4.5 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதற்கு மேலே பதிவில் இருப்பது பெரும்பாலும் டேப்பின் சீற்றமே.

குறைகளும் உண்டு. யு.எஸ்.பி. கேபிள் பெட்டியோடு ஒட்டியே வருகிறது. அது நைந்தால் பிரித்து ஈயம் பற்றவைக்கத் தெரிய வேண்டும். உள்ளீட்டுக்கு அளவுத் திருகு கிடையாது. வருவதைக் கூட்டுவதும் குறைப்பதும் டேப் ரெக்கார்டரிலோ கணினியிலோதான். விண்டோஸ் சில சமயம் இதை மைக் என்று எடுத்துக்கொண்டு ஒரு சேனலுக்குச் சுருக்கிவிடும். ஒலி அமைப்புகளில் பதிவுச் சாதனங்களைத் திறந்து, இதன் மேம்பட்ட பண்புகளில் ‘2 சேனல், 16-பிட், 48000’ என்று மாற்ற வேண்டும். ஒலி மேம்பாடு என்ற பெயரில் ஏதாவது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட வேண்டும். பின்னணியில் மெல்லிய விசில் கேட்டால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். மடிக்கணினியின் சார்ஜரும் டேப் ரெக்கார்டரின் மின்இணைப்பும் சேர்ந்து தரை வழியாக ஒரு சுற்று உண்டாகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிந்தால் விசிலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் ஒட்டுக்காக நிற்கும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரோ தறியோ ஒரே லைனில் ஓடும் வீடுகளில் அவை நின்ற பிறகு பதிவது நல்லது. பழைய பதிவிலேயே ஸ்டார்ட்டர் விழுந்த ‘டப்’ சத்தம் இருக்கும். அதோடு இன்றைய ‘டப்’பும் சேர வேண்டாம்.

எந்த டேப் ரெக்கார்டர்

அந்தக் கேசட்டைப் பதிந்த அதே டூ இன் ஒன் வீட்டில் இருந்தால் முதல் தேர்வு அதுதான். அதன் ஹெட் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ அதே சாய்வில்தான் பதிவும் இருக்கிறது.

ஹெட்டின் இந்தச் சாய்வை மெக்கானிக்குகள் அசிமத் என்பார்கள். கணக்கு எளிது. மோனோ ஹெட் டேப்பில் 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் பதிகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பின் மேல் எடுக்கும் நீளம் 9.5 மைக்ரான். படிக்கும் ஹெட் அரை டிகிரி சாய்ந்தாலே அகலத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 13 மைக்ரான் வித்தியாசம் வந்துவிடும். அதாவது ஓர் அலையைவிடக் கூடுதல். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அறிவிப்பாளர் குரல் கேட்பதற்குப் பெரும்பாலும் டேப்பின் வயது காரணமல்ல, இந்த அரை டிகிரிதான் காரணம். ஸ்டீரியோ ஹெட்டில் ஒவ்வொரு சேனலும் 0.6 மில்லிமீட்டர் மட்டுமே படிப்பதால் தனித்தனியாக இழப்பு குறைவு. இரண்டையும் கூட்டியதும் இழப்பு திரும்பி வந்துவிடும். அந்த யு.எஸ்.பி. பிளேயர் உள்ளேயே கூட்டுவதைக் குறை என்றது இதனால்தான்.

சரிசெய்ய ஒரு சின்ன ஸ்டார் ஸ்குரு டிரைவர் போதும். ஹெட்டின் இரு பக்கமும் திருகு இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதை மட்டும் தொட வேண்டும். தொடங்கும் முன் அதன் நிலையைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டில் பேச்சு வரும் இடத்தை ஓடவிட்டு, இரண்டு சேனலையும் கூட்டி ஹெட்போனில் கேட்டபடி எட்டில் ஒரு பங்கு சுற்றாகத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ்’ ஒலிகள் கூர்மையாகும், சீற்றமும் கூடவே பளிச்சென்று உயரும். அந்த உச்சத்தைத் தாண்டிப் போய், மங்கியதும் திரும்பி வந்து உச்சத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். இந்த ஐந்து நிமிடம் தரும் தெளிவை எந்த மென்பொருளும் பின்னால் தராது.

பழைய பொருள் கடையில் டெக் என்னும் டேப் ரெக்கார்டர் வாங்குவதானால் நன்றாகத் தெரிந்த பாட்டு உள்ள கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். டேப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சுருதி ஒரே மாதிரி நிற்கிறதா பாருங்கள். ஹெட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினால் பள்ளம் தட்டினால் அது தேய்ந்த ஹெட், விட்டுவிடுங்கள். பெல்ட் தளர்ந்தது பெரிய குறையில்லை. பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்த சுற்றளவில் புதுசு போடலாம். கருப்புத் தாராக உருகி ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்த பிறகுதான் புது பெல்ட். அதே ஆல்கஹால் ஹெட்டுக்கும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பிக்கும். ரப்பர் உருளைக்கு மட்டும் லேசான சோப்புத் தண்ணீர். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் வெடிக்கும்.

இணைப்பு: டெக்கில் லைன் அவுட் இருந்தால் நேராக ஆர்.சி.ஏ. கேபிள். பழைய டூ இன் ஒன்களில் ஐந்து துளை டின் (DIN) சாக்கெட் மட்டும் இருக்கும். அதில் 3-ஆம் ஊசி இடது வெளியீடு, 5-ஆம் ஊசி வலது, 2-ஆம் ஊசி தரை; 1-உம் 4-உம் உள்ளீடு, அவற்றைத் தொட வேண்டாம். அதுவும் இல்லையென்றால் இயர்போன் சாக்கெட். மோனோ சாக்கெட்டில் ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் ஒரு பக்கம் மட்டும் வரும், அல்லது தரையோடு இடித்துக்கொள்ளும். மோனோ பிளக்தான் போட வேண்டும். வால்யூமைப் பாதிக்குக் கீழே வையுங்கள்.

பதியும்போது

கேசட்டை உள்ளே போடுமுன் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டையும் உடைத்துவிடுங்கள். தப்பித்தவறி சிவப்புப் பட்டனை அமுக்கினால் இருப்பதும் அழியும். பிறகு ஒருமுறை கடைசிவரை முன்னே ஓட்டி, திரும்ப முழுக்கச் சுற்றுங்கள். பல வருடம் ஒரே இடத்தில் கிடந்த டேப்பின் இறுக்கம் சமமாகும். சி-90 டேப், சி-60 டேப்பைவிட மெலிது. சி-120 இன்னும் மெலிது. மெல்லிய டேப்பை அடிக்கடி வேகமாக ஓட்டினால் நீளும், இல்லையென்றால் உருளையில் சுற்றிக்கொள்ளும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி வருவதும் போவதுமாக இருக்கும். ஐந்து திருகு உள்ள நல்ல காலி கேசட் ஒன்றைத் திறந்து, டேப்பை அதற்கு மாற்றுவதே எளிது.

மென்பொருளுக்கு இலவசமான ஆடாசிட்டி போதும். 48000, ஸ்டீரியோ என்று வைத்து, உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கும்படி பாருங்கள். டூ இன் ஒன்களில் பதிவளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று இருந்தது. அதனால் மௌனத்துக்குப் பிறகு விளம்பரத்தின் முதல் சொல் பளீரென்று அடித்து உடனே அடங்கும். அது பதிவிலேயே உள்ளது. அதைச் சமன்படுத்தப் போய்க் கெடுக்க வேண்டாம், ஆனால் அந்த முதல் சொல்லுக்கு இடம் விட்டு அளவை வையுங்கள். ஒரு பக்கத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே கோப்பாகப் பதியுங்கள். விளம்பரம் வந்த இடத்தில் கன்ட்ரோல் எம் அழுத்தினால் ஓட்டம் நிற்காமலே அந்த இடத்தில் குறிச்சீட்டு விழும். 48 கிலோஹெர்ட்ஸ், 16-பிட் ஸ்டீரியோ மணிக்கு ஏறக்குறைய 690 எம்.பி.; ஃபிளாக் (FLAC) என்னும் சுருக்கக் கோப்பாகச் சேமித்தால் தரம் குறையாமல் அளவு கணிசமாக இறங்கும்.

வேகத்தைச் சரிபார்ப்பது இதில் ருசியான பகுதி. 3 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய பாதி ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். சிலோன் ரேடியோ அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் வேறு யாருடையதோ போல் ஆகிவிடும். பின்னணி ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ்தானே, அதை வைத்துச் சரிசெய்யலாம் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். இங்கே அதை நம்ப முடியாது. 1990-களில் தென்மாநில மின்தொகுப்பில் அதிர்வெண் 48.5-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். 2003 ஜனவரியில் புதிய கட்டண முறை வந்த பிறகுதான் அது நிலைப்பட்டது. அந்தக் காலத்துப் பதிவின் ரீங்காரத்தை 50-க்கு இழுத்தால் எல்லோரும் அவசரமாகப் பேசுவார்கள். நம்பத்தக்க வழி இரண்டு. விளம்பரத்துக்கு முன்னோ பின்னோ உள்ள சினிமாப் பாட்டை இன்று வெளியாகியிருக்கும் பதிவோடு சுருதி ஒப்பிடுவது ஒன்று. செய்திக்கு முன் ஆகாசவாணியின் நேரக் குறிப்பொலி பதிவாகியிருந்தால், பீப் விநாடிக்கு ஒன்று. ஐந்து இடைவெளியை அளந்தால் 5 விநாடி வர வேண்டும், 4.85 வந்தால் 3 சதவீதம் வேகம்.

இரைச்சல் நீக்கத்தில் கை கட்டுப்பட வேண்டும். ஆடாசிட்டியில் 6 டெசிபலுக்கு மேல் போனாலே குரலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் மணி அடிப்பதுபோல் ஓர் ஓசை எழும். சிற்றலைப் பதிவில் இரைச்சலே அலைபோல ஏறி இறங்குவதால் மாதிரி எடுத்த இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும். மத்திய அலை, சிற்றலைப் பதிவுக்கு 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டிவிட்டாலே பாதி இரைச்சல் போய்விடும். பண்பலையில் பிடித்த கேசட்டுக்கு இந்த வெட்டு ஆகாது. அதில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை உண்டு. தனித்த ‘டிக்’ சத்தத்துக்கு ரிப்பேர் என்னும் வசதி; ஒரு தடவைக்கு 128 சாம்பிள்வரைதான் அது எடுக்கும். இதையெல்லாம் பிரதியின் மேல் மட்டும் செய்யுங்கள். தொடாத மூலக் கோப்பு தனியே, இரண்டு இடத்தில்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேசட்டின் மேல் எழுதியதை அப்படியே எழுதி, நிலையம், பக்கம், நிமிடம் சேருங்கள். வருடம் தெரியாவிட்டால் விளம்பரமே துப்புக் கொடுக்கும். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு சொன்னால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. சினிமா விளம்பரம் இருந்தால் படம் வெளியான வாரமே கிடைத்துவிடும். ஹார்லிக்ஸ் வழங்கிய சுசித்ராவின் குடும்பம் போன்ற தொடர் நடுவே வந்தால் விவிதபாரதி என்பதும் உறுதியாகிவிடும். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டு, ஒலிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒலிபரப்பின் மேல் உரிமை 25 ஆண்டு. வீட்டில் ஏற்றிப் பாதுகாப்பது வேறு, ஊருக்குப் பரப்புவது வேறு.

டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். அந்தக் கேசட்டை ஒருமுறை ஓட்டினாலே பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்குப் போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனிப் பையில் போட்டு, மூக்கை மூடிக்கொண்டு கையாண்டு, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். ஏற்றி முடித்த நல்ல கேசட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். புத்தகம் அடுக்குவதுபோல் நிமிர்த்தி, தகரக் கூரைச் சூடு இறங்காத அலமாரியில், ஸ்பீக்கர் பெட்டிக்கு எட்டத்தில் வையுங்கள்.